கூலி மலிவு மட்டும் போதுமா? தென்கிழக்கு ஆசியாவைத் தண்ணீர்ப் பக்கமிருந்து பார்த்தால்

கேள்வி இது: "தென்கிழக்கு ஆசிய நாடுகள் இவ்வளவு வேகமாக வளர்வதற்குக் கூலி மலிவுதான் காரணம் என்கிறார்கள். அப்படியானால் கூலி அதைவிட மலிவாக இருக்கும் லாவோசிலும் மியான்மரிலும் ஏன் தொழிற்சாலைகள் குவியவில்லை?"

நல்ல கேள்வி. பாதிப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. நான் இருபது வருடத்துக்கு மேல் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் சரக்குக் கப்பல் புக்கிங் பார்த்தவன். தொழிற்சாலை வைக்க இடம் தேடி வருபவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "இங்கிருந்து பெட்டி எத்தனை நாளில் கப்பல் ஏறும்?" என்பதைத்தான். பெட்டி என்றால் கன்டெய்னர். கூலிக் கணக்கை ஊரிலேயே போட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள். பெட்டி நான்கு நாள் தாமதமானால் அந்தக் கணக்கு மொத்தமும் கலைந்துவிடும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த வட்டாரத்தின் வரைபடத்தை விரித்தால் நிலத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள். யார் முந்தினார்கள், யார் பின்தங்கினார்கள் என்பதில் பெரும்பகுதி அங்கேயே தெரிந்துவிடும். அது பொருந்தாத இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் அளவு. 11 நாடுகள், ஏறத்தாழ 70 கோடி மக்கள். எல்லா நாடுகளின் பொருளாதாரத்தையும் கூட்டினால் சுமார் 4 லட்சம் கோடி டாலர், கிட்டத்தட்ட இந்தியா அளவு. ஆனால் சராசரியை வைத்து இங்கே ஒன்றும் புரிந்துகொள்ள முடியாது. சிங்கப்பூரில் தலைக்கு ஆண்டு வருமானம் 90,000 டாலரை ஒட்டி வரும். மலேசியாவில் 12,000 சுமார். வியட்நாமும் இந்தோனேசியாவும் 5,000-ஐ ஒட்டி. லாவோஸ் 2,000-ஐ ஒட்டி. இவ்வளவு ஏற்றத்தாழ்வு உள்ள நாடுகள் 1967-இல் பாங்காக்கில் தொடங்கிய ஆசியான் என்ற ஒரே அமைப்பில் உட்கார்ந்திருக்கின்றன. 2025 அக்டோபரில் கிழக்குத் திமோர் 11-ஆவது உறுப்பினராகச் சேர்ந்த பிறகு வட்டாரம் முழுவதும் அதற்குள் வந்துவிட்டது.

இனி வரைபடம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தில், கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. மலாயாவும் சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் அப்போது ஒரே நிலம். பனி உருகியதும் அந்த நிலத்தின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. இன்று நாம் காணும் தாய்லாந்து வளைகுடா, ஜாவாக் கடல், மலாக்கா நீரிணை எல்லாமே அப்படி மூழ்கிய சமவெளிகள்தான். அதனால்தான் ஆழம் குறைவு. ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல் மீனுக்கு நல்லது. அடியில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்தன. எல்லாவற்றையும்விட முக்கியம், நிலத்துக்கு நடுவே கடல் புகுந்து வழி விட்டிருக்கிறது. உலகின் வேறு எந்த வெப்பமண்டல வட்டாரத்திலும் இத்தனை கோடி மக்கள் கடற்கரைக்கு இவ்வளவு அருகில் வாழவில்லை என்பது என் கணிப்பு.

மலாயாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே உள்ள மலாக்கா நீரிணையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நீளம் 800 கிலோமீட்டருக்கு மேல். அகலம் தெற்கே வரவரக் குறைந்து, சிங்கப்பூருக்கு அருகில் பிலிப்ஸ் கால்வாய் என்ற இடத்தில் 3 கிலோமீட்டர்கூட இல்லாமல் போகிறது. ஆண்டுக்கு 80,000-க்கும் அதிகமான கப்பல்கள் இந்த வழியாகப் போகின்றன. சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒரு ராத்திரி போய் உட்கார்ந்து பாருங்கள். கடலுக்கு அப்பால் ஓர் ஊர் விளக்கேற்றி வைத்த மாதிரி வரிசையாக வெளிச்சம் தெரியும். நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்கள் அவை. எண்ணெய் நிரப்ப, பெட்டி மாற்ற, மாலுமி மாற்ற, முறை வருவதற்காக நிற்பவை. முதல் முறை பார்த்தபோது எதிர்க்கரை நகரம் என்றே நினைத்தேன்.

காத்திருப்பது இந்த நீரிணைக்குப் புதிதில்லை. பாய்மரக் காலத்தில் தென்மேற்குக் காற்றில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போக வடகிழக்குக் காற்று கிளம்பும்வரை இங்கே தங்க வேண்டும். சீனாவிலிருந்து வந்தவர்களுக்கும் அதே நிலைமை. அப்படித் தங்கிய இடங்களே துறைமுகங்கள் ஆயின. ராஜேந்திர சோழனின் படை 1025-ஐ ஒட்டிக் கடாரத்துக்கு வந்ததும் இந்தப் பாதைக்காகத்தான் என்று கருதுகிறவர்கள் உண்டு. சுமத்ராவின் பரூஸ் அருகே 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினருடையது. தாய்லாந்தின் தகுவா பா கல்வெட்டில் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காப்பிலிருந்த அவனிநாரணம் என்ற குளம் வருகிறது. தகுவா பா எங்கே இருக்கிறது தெரியுமா? தீபகற்பம் ஒடுங்கும் பகுதியில். நீரிணையைச் சுற்றாமல் சரக்கைத் தரைவழியாக எதிர்ப்பக்கக் கடலுக்குக் கொண்டுபோக வசதியான இடம். அதற்கு வடக்கே கிரா நிலவிணைப்பு இன்னும் ஒடுங்கி, 44 கிலோமீட்டர் அளவுக்குக் குறுகிவிடுகிறது. அங்கே கால்வாய் வெட்டலாமா, இரு கடலையும் இணைக்கச் சாலையும் ரயிலும் போடலாமா என்ற பேச்சு தாய்லாந்தில் இன்றும் ஓயவில்லை.

1869-இல் சூயஸ் திறந்தது இந்த நீரிணையின் தலையெழுத்தையே மாற்றியது. அதுவரை ஐரோப்பாவிலிருந்து வரும் பாய்மரக் கப்பல்களில் பல ஆப்பிரிக்காவைச் சுற்றி, தெற்கே பலத்த காற்றைப் பிடித்து, ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே உள்ள சுண்டா நீரிணை வழியாக நுழையும். சூயஸுக்குப் பிறகு நீராவிக் கப்பலுக்கு மலாக்காதான் நேர்வழி. 1819-இல் ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் கால் வைத்த சிங்கப்பூர் அதன் பிறகுதான் உண்மையில் பெரிதானது.

அப்புறம் பெட்டி வந்தது. 1965-இல் தனி நாடான சிங்கப்பூரிடம் குடிக்கப் போதுமான தண்ணீர்கூடச் சொந்தமாக இல்லை. கன்டெய்னர் முறை நிலைக்குமா என்று பலரும் யோசித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், உலக வங்கிக் கடனோடு தஞ்சோங் பகாரில் கன்டெய்னர் முனையம் கட்டினார்கள். 1972 ஜூனில் முதல் கன்டெய்னர் கப்பல் வந்தது. இன்று ஆண்டுக்கு 4 கோடிக்கு மேல், 20 அடிப் பெட்டிக் கணக்கில். ஷாங்காய்க்கு அடுத்த இடம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிங்கப்பூரில் இறங்கிச் சிங்கப்பூருக்குள் போவதில்லை. கப்பல் மாற வந்தவை. தொழிலில் இதை டிரான்ஷிப்மென்ட் என்போம். தூத்துக்குடியில் ஏற்றிய பெட்டி சிறிய ஃபீடர் கப்பலில் வந்து, இங்கே இறங்கி, தாய்க்கப்பல் என்று நாங்கள் சொல்லும் பெரிய கப்பலில் ஏறி ஜப்பானுக்கோ அமெரிக்காவுக்கோ போகும்.

தங்காமல் போகிற பெட்டியால் என்ன லாபம் என்று கேட்கலாம். பேருந்து நிலையத்தை நினைத்துப் பாருங்கள். சந்திப்பு ஊரில் எந்த நேரமும் எந்தத் திசைக்கும் வண்டி கிடைக்கும். பக்கத்து ஊர்க்காரருக்கும் அந்த வசதி வந்துவிடுகிறது. சிங்கப்பூரை ஒட்டிய மலேசிய மாநிலமான ஜொகூரில் தொழிற்சாலை வைத்தவர் தினமும் ஏதாவது ஒரு கப்பலைப் பிடிக்கலாம். வாரத்துக்கு ஒரே கப்பல் வரும் துறைமுகத்தை நம்பியவர் ஒன்றைத் தவறவிட்டால் ஏழு நாள் போச்சு. இதைப் பார்த்துத்தான் மலேசியா எதிர்க்கரையில் தஞ்சோங் பெலபாஸ் துறைமுகத்தைக் கட்டியது. 2000-இல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் தன் டிரான்ஷிப்மென்ட் வேலையைச் சிங்கப்பூரிலிருந்து அங்கே மாற்றியபோது எங்கள் தொழிலில் எல்லாரும் அதைத்தான் பேசினோம். அந்தப் போட்டி இரண்டு பக்கத்தையுமே வேகப்படுத்தியது.

கூலி கதைக்குள் வருவது இதற்குப் பிறகுதான். 1985-இல் பிளாசா ஒப்பந்தத்தில் பணக்கார நாடுகள் சில ஜப்பானிய யென்னின் மதிப்பை உயர்த்தச் சம்மதித்தார்கள். ஒரு டாலருக்கு 240 யென் சுமாராக இருந்தது மூன்றே ஆண்டில் பாதியாகிவிட்டது. ஜப்பானில் செய்து விற்றால் கட்டாது என்ற நிலை. அந்தத் தொழிற்சாலைகள் கப்பல் வசதி தயாராக இருந்த இடங்களுக்கு வந்து இறங்கின. தாய்லாந்து இதில் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தது. பாங்காக்கின் பழைய துறைமுகம் சாவ் பிரயா ஆற்றுக்குள் இருக்கிறது. ஆற்று முகத்தில் மணல் திட்டு, பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. எனவே கிழக்குக் கரையில் லேம் சபாங் என்ற இடத்தில் ஆழத் துறைமுகம் அமைத்து 1991-இல் திறந்தார்கள். வளைகுடாவில் கிடைத்த எரிவாயுவைக் குழாய் வழியாக அதே கரைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று உலகெங்கும் போகும் பிக்-அப் வண்டிகள் அந்தக் கரையிலிருந்துதான் கப்பல் ஏறுகின்றன.

மலேசியாவின் பினாங்கு மட்டும் என் பெட்டிக் கணக்குக்கு அடங்காத கதை. 1969-இல் அந்தத் தீவின் சுங்கவரியற்ற துறைமுக அந்தஸ்து போனது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. முதலமைச்சர் லிம் சோங் யூ, விமான நிலையத்தை ஒட்டிய பாயான் லெப்பாஸ் வயல்வெளிகளைத் தொழிற்பேட்டையாக்கினார். 1972-இல் இன்டெல் வந்தது, அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் தொழிற்சாலை. கணினிச் சில்லுகளுக்குக் கனமில்லை, விலை அதிகம். அவை விமானத்தில் போகும். அதனால் அங்கே கப்பலைவிட ஓடுபாதை முக்கியமாகிவிட்டது. கம்பம் என்னும் மலாய்க் கிராமங்களின் பெண்கள் நுண்ணோக்கி முன் உட்கார்ந்து, மயிரிழை போன்ற கம்பிகளை இணைத்த கைவேலையில்தான் அந்தத் தொழில் அங்கே வேர்விட்டது. இன்று உலகில் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் மலேசியாவின் பங்கு 13 சதவீதம் சுமார். பக்கத்துக் கெடா மாநிலத்தின் கூலிம் நகரிலும் பெரிய ஆலைகள் வந்துவிட்டன. கெடாதான் நாம் சொல்லும் கடாரம்.

தோட்டப்புறத் தமிழர்களை இந்த இடத்தில் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. இந்தத் தொழிற்சாலைகளுக்கு முந்திய மலாயாவின் பொருளாதாரம் ரப்பரும் வெள்ளீயமும். எஸ்டேட்டுகளில் ரப்பர் மரத்தைச் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. பிறகு நகரங்கள் விரிந்து எஸ்டேட்டுகளையே விழுங்கின. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே இன்று கிடங்குகளும் வீடமைப்புத் திட்டங்களும் நிற்கும் நிலத்தில் நிறைய ரப்பர் காடாக இருந்தது. எஸ்டேட் லயத்தில் வேலையும் வீடும் சேர்ந்தே இருந்ததால், எஸ்டேட் மூடியபோது இரண்டுமே ஒன்றாகப் போயின. வளர்ச்சி விகிதத்தில் இது தெரியாது.

1997 நிதி நெருக்கடியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிநாட்டில் குறுகிய காலக் கடனாக டாலர் வாங்கி, உள்ளூரில் கட்டடங்களில் போட்டார்கள். நாணய மதிப்பு அசையாது என்ற நம்பிக்கை. ஜூலை 2-ஆம் தேதி தாய்லாந்து தன் நாணயமான பாட்டின் மதிப்பைப் பிடித்து நிறுத்த முடியாமல் கைவிட்டதும் வட்டாரம் முழுவதும் சரிந்தது. இந்தோனேசியாவில் சுகார்தோ ஆட்சியே அடுத்த மே மாதம் கவிழ்ந்தது. ஆனால் கவனியுங்கள்: வங்கிகள் மூடின, துறைமுகங்கள் மூடவில்லை. நாணயம் மலிந்ததால் ஏற்றுமதி இன்னும் மலிவானது, தொழிற்சாலைகள் மீண்டும் எழுந்தன.

இப்போது வியட்நாம். இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம், ஏனென்றால் கேள்விக்கான நேரடிப் பதில் இங்கேதான் இருக்கிறது. வியட்நாமியர்கள் தங்கள் நாட்டை, இரு முனையிலும் நெற்கூடை தொங்கும் காவடித்தண்டு என்பார்கள். வடக்கே சிவப்பாற்று டெல்டா, தெற்கே மேகாங் டெல்டா, இரண்டையும் இணைக்கும் ஒல்லியான கரை. மிக ஒடுங்கிய இடத்தில் கடலுக்கும் மேற்கு எல்லைக்கும் நடுவே 50 கிலோமீட்டர் இருந்தால் பெரிது. 3,200 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை. ஆனால் 1986-இல் அந்த நாட்டில் பணவீக்கம் 700 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இரண்டு நெற்கூடை வைத்திருந்த நாடு அரிசிக்கு வெளிநாட்டை எதிர்பார்த்தது. கரையும் டெல்டாவும் அன்றும் அதேதான். மாறியது கொள்கை. அந்த டிசம்பரில் கட்சி மாநாடு 'டோய் மோய்' என்ற சீர்திருத்தத்தை ஏற்றது. 1988-இல் கூட்டுப் பண்ணை நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டார்கள். அடுத்த வருடமே அரிசி ஏற்றுமதி தொடங்கி, உலகின் முன்வரிசை ஏற்றுமதியாளர்களில் ஒருவரானார்கள். அதே வயல், அதே உழவர், இரண்டே போகம். நிலம் யார் கையில் என்ற ஒரு மாற்றத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1994-இல் அமெரிக்கா வணிகத் தடையை நீக்கியது. 2007-இல் உலக வர்த்தக அமைப்பில் இடம். 2009-இல் சாம்சங் ஹனோய்க்குப் பக்கத்தில் பாக் நின்னில் கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. ஏன் அங்கே? ஒரு பக்கம் ஹனோய் விமான நிலையம், இன்னொரு பக்கம் ஹைபோங் துறைமுகம், வடக்கே லாரியில் சில மணி நேரத்தில் சீன எல்லை. உதிரிபாகம் சீனாவிலிருந்து லாரியில் வரும், முடிந்த கைபேசி விமானத்தில் போகும். தெற்கில் நடந்ததை நான் என் மேசையிலிருந்தே பார்த்தேன். ஹோ சி மின் நகரத்துப் பெட்டிகள் முன்பெல்லாம் ஆற்றுத் துறையிலிருந்து ஃபீடரில் சிங்கப்பூருக்கோ எங்கள் கிள்ளானுக்கோ வந்துதான் தாய்க்கப்பல் ஏறும். வுங் தாவ் அருகே காய் மெப் ஆழத் துறைமுகம் வந்த பிறகு, 2009 முதல் தாய்க்கப்பல்கள் அங்கேயே நின்று நேராக அமெரிக்கா போக ஆரம்பித்தன. ஒரு வாரம் மிச்சம். சோபா, செருப்பு, சட்டை என்று வியட்நாம் சரக்கு கொட்டத் தொடங்கியது. 2024-இல் ஏற்றுமதி 40,000 கோடி டாலரைத் தாண்டியது.

இதில் ஒரு பலவீனம் உண்டு. அந்தக் கைபேசியின் விலையில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்த உதிரிபாகம். உள்ளே தங்குவது கூலியும் வாடகையும் கொஞ்சம் வரியும். 2025 ஏப்ரலில் அமெரிக்கா வியட்நாம் சரக்குக்கு 46 சதவீத வரி என்று அறிவித்து, பேச்சுக்குப் பின் 20 சதவீதத்துக்கு இறங்கியபோது, வேறு நாட்டுச் சரக்கு வியட்நாம் வழியாக வந்தால் 40 சதவீதம் என்று தனியாகச் சேர்த்ததற்கு இதுதான் காரணம்.

சரி, லாவோஸ். கடலே இல்லாத நாடு. ஆனால் மேகாங் என்ற பேராறு நாட்டின் நீளத்துக்கும் ஓடுகிறதே, அதில் கப்பல் விடக்கூடாதா? பிரெஞ்சுக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1866-இல் சைகோனிலிருந்து ஆற்றின் மேலே ஒரு குழுவை அனுப்பினார்கள், சீனாவுக்கு நீர்வழி கிடைக்கும் என்று. கம்போடிய எல்லையைத் தாண்டியதும் கோன் அருவிகள். உயரம் அதிகமில்லை, ஆனால் ஆறு பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பாறைகளில் சிதறி விழுகிறது. எந்தக் கப்பலும் ஏறாது. கடைசியில் அங்கிருந்த தீவுகளில் சின்ன ரயில் பாதை போட்டு, படகுகளைப் பிரித்து ஏற்றி மேலே கொண்டுபோனார்கள். அந்தப் பழைய பாலம் இன்றும் நிற்கிறது. ஒரே ஓர் இடத்துப் பாறைதான் லாவோசைக் கடலிலிருந்து பிரித்துவிட்டது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை. இன்றைக்கும் தலைநகர் வியன்டியானில் ஏற்றும் பெட்டி ஒன்று தாய்லாந்தைக் கடந்து லேம் சபாங் போக வேண்டும், அல்லது மலை தாண்டி வியட்நாம் கரைக்கு. கூலியில் மிச்சம் பிடித்ததெல்லாம் லாரி வாடகையில் போய்விடும். 2021 டிசம்பரில் சீன எல்லைவரை 422 கிலோமீட்டர் ரயில் பாதை திறந்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் செலவு கிட்டத்தட்ட 600 கோடி டாலர், அந்தச் சிறு பொருளாதாரத்துக்குப் பெரிய சுமை. தாய்லாந்துத் தண்டவாளத்தின் அகலம் வேறு என்பதால் வியன்டியானில் பெட்டியை இறக்கி ஏற்ற வேண்டும். கம்போடியாவுக்கும் இதே மாதிரிக் கவலை. அவர்கள் ஆற்றுச் சரக்கு வியட்நாம் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. அதனால் 2024 ஆகஸ்டில் தங்கள் கடற்கரைக்கே 180 கிலோமீட்டர் கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள்.

தண்ணீரை வைத்து நான் சொல்லிவந்த விளக்கம் மியான்மரில் பொய்த்துப்போகிறது. கடற்கரை இருக்கிறது. ஐராவதி போன்ற, கப்பல் போகும் ஆறு இருக்கிறது. டெல்டா இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகிலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது. அந்த நெல்லுக்கு முதல் போட்டவர்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் முக்கியமானவர்கள். 1930-களின் விலைச் சரிவில் கடனைக் கட்ட முடியாத உழவர்களின் நிலம் அவர்கள் கைக்கு வந்து, அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி விளைநிலம் அவர்களிடம் இருந்தது. உழவருக்கு நிலம் போனது, நகரத்தாருக்கும் அது நிலைக்கவில்லை. பிறகு 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்துக் கதவை அடைத்தது. 2011-க்குப் பிறகு கொஞ்சம் திறந்தது. 2021 பிப்ரவரியில் மறுபடியும் ராணுவம். துறைமுகம் திறந்திருந்தாலும் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் ஊரில் யாரும் பத்து வருடத்துக்கான முதலைப் போட மாட்டார்கள். கேள்வி கேட்டவருக்குச் சுருக்கமான பதில் வேண்டுமென்றால் இதுதான்: லாவோசைத் தடுத்தது பூமி, மியான்மரைத் தடுத்தது ஆட்சி.

பிலிப்பைன்ஸ் வழி தனி. 7,641 தீவுகள், ஆண்டுக்குச் சுமார் 20 புயல்கள் பக்கத்தில் வருகின்றன. அங்கே பெட்டியைவிட ஆட்கள்தான் அதிகம் ஏற்றுமதி ஆனார்கள். கப்பல்களில் நான் பேசிய மாலுமிகளில் பாதிப் பேராவது பிலிப்பினோக்கள். நாட்டின் வருமானத்தில் 8 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம்.

இந்தோனேசியாவின் சிக்கல் வேறு விதம். 17,000-க்கும் அதிகமான தீவுகள். ஆனால் நிலப்பரப்பில் 7 சதவீதம்கூட இல்லாத ஜாவாவில் பாதிக்கு மேல் மக்கள். எரிமலைச் சாம்பல் கலந்த மண்ணில் வருடம் முழுவதும் நெல் விளைந்ததுதான் ஆதி காரணம். தொழிலும் அங்கேயே குவிந்தது. ஜாவாவிலிருந்து கிழக்குத் தீவுகளுக்குப் பெட்டி நிறையப் போகும், திரும்பும்போது காலியாக வரும். அதனால் நாட்டுக்குள் அனுப்பும் வாடகை, சிங்கப்பூருக்கு அனுப்புவதைவிட அதிகமாகும் தடங்கள் உண்டு. இதை உடைக்க அவர்கள் எடுத்த ஆயுதம் நிக்கல். 2020 ஜனவரியில் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்து, வேண்டுமென்றால் இங்கேயே வந்து உருக்குங்கள் என்றார்கள். சீன நிறுவனங்கள் வந்தன. சுலாவெசியின் மொரோவாலியில் கடற்கரையோரம் உருக்காலைகளும் சொந்தத் துறைமுகமும் எழுந்தன. இன்று உலக நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவினுடையது. மின்சார வண்டிகளின் பேட்டரிக்கும் போகும் அந்த நிக்கலை உருக்குவது பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம். ஆலையைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களின் புகையும் சேறும் எனக்கு உறுத்துகின்றன. ஆனால் தாதுவை மண்ணாகவே விற்றுக்கொண்டிரு என்று அவர்களிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

வளர்ச்சியைக் கொண்டுவந்த அதே தண்ணீர் இப்போது திரும்ப வாங்க ஆரம்பித்திருக்கிறது. 2011-இல் சாவ் பிரயா பெருக்கெடுத்து அயுத்தயாவின் தொழிற்பேட்டைகள் வாரக்கணக்கில் மூழ்கின. உலக ஹார்ட் டிஸ்க்கில் 40 சதவீதத்துக்கு மேல் தாய்லாந்தில் செய்தார்கள், எல்லா ஊரிலும் விலை ஏறியது. வயலாக, வெள்ளம் வந்து தங்கிப் போகும் இடமாக இருந்த நிலத்தில்தான் அந்தப் பேட்டைகளைக் கட்டியிருந்தார்கள். ஜகார்த்தாவில் குழாய்த் தண்ணீர் எல்லாருக்கும் எட்டாததால் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, வடக்குப் பகுதிகள் சில இடங்களில் ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர்வரைகூட இறங்கியிருக்கின்றன. தலைநகரையே போர்னியோவுக்கு மாற்ற முடிவெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். சிங்கப்பூர் கடலைத் தூர்த்து 1960-களில் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நிலத்தை 730-க்கு மேல் வளர்த்தது. அதற்கான மணல் அக்கம்பக்கத்து ஆறுகளிலும் கடலோரங்களிலும் இருந்து வந்தது. இந்தோனேசியா 2007-இலும் கம்போடியா 2017-இலும் அந்த ஏற்றுமதியை நிறுத்தின.

எனக்கு அதிகக் கவலை மேகாங் டெல்டாவைப் பற்றி. வியட்நாம் அரிசியில் பாதியும், ஏற்றுமதி அரிசியில் மிகப் பெரும்பகுதியும் அங்கே விளைகின்றன. 1.7 கோடிக்கு மேல் மக்கள். கடல் மட்டத்திலிருந்து அதன் சராசரி உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை என்று 2019-இல் வந்த ஆய்வு காட்டியது. டெல்டா என்பது ஆறு கொண்டுவரும் வண்டலில் வாழ்வது. மேலே சீனாவிலும் லாவோசிலும் அணைகள் வண்டலைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. கீழே படுகையில் மணலை அள்ளுகிறார்கள். ஊரெங்கும் ஆழ்குழாய்க் கிணறுகள். நிலம் இறங்குகிறது, கடல் ஏறுகிறது, கோடையில் உப்பு ஆற்றுக்குள் வருகிறது.

2016 மார்ச்சில் தேங்காய் நார் ஏற்றுமதி விஷயமாக பென் ட்ரே பகுதிக்குப் போயிருந்தேன். அந்த வருடம் கடுமையான வறட்சி. உப்பு கடலிலிருந்து 70 கிலோமீட்டருக்கும் உள்ளே ஏறியிருந்தது. என்னை அழைத்துப்போனவரின் மாமனார் ஒரு சிறு விவசாயி, அறுபது வயது இருக்கும். வாய்க்கால் மதகுப் பக்கம் குனிந்து, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். தலையை ஆட்டிவிட்டு மதகைத் திறக்காமல் வந்துவிட்டார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவருடைய நெல் கருகிக்கொண்டிருந்தது. திறந்தால் உப்பில் சாகும், திறக்காவிட்டால் வெயிலில் சாகும். கிராமத்தில் உப்பளவு பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறது, ஆனால் நாக்குக்கு அது முன்பே தெரிந்துவிடும் என்றார்.

அவருடைய இரண்டு பெண்களும் பின் துவோங்கில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். டெல்டாவிலிருந்து இப்படிக் கிளம்பி வந்தவர்கள்தான் ஹோ சி மின் நகரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் நிறைய. கூலி மலிவு என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் இந்த உப்புத் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சில வருடம் கழித்து விசாரித்தேன். மழைக்காலத்தில் மட்டும் நெல் போடுகிறாராம். உப்பு ஏறும் மாதங்களில் அதே வயலில் அதே மதகைத் திறந்து கடல் நீரை விட்டு, இறால் வளர்க்கிறார்.